மேஸ்திரிக்கு ஒரு பள்ளி

பெங்களூர் நகரை விட்டுத் தும்கூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், யசவந்தபுரத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் பீன்யா என்னும் தொழிற்பேட்டை நம்மை எதிர்கொள்கிறது. 2014ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் அவ்வழியே உயரத்தில் ஓடுகிறது. மாலை மங்கும் வேளையில் அந்த வண்டியின் சன்னலோரம் அமர்ந்து கீழே நோக்கினால், தகரக் கூரைகளின் இடுக்குகளில் நீல ஒளி மின்னி மின்னி மறைவதைக் காணலாம். இரும்போடு இரும்பைச் சேர்க்கும் மின்வில்லின் ஒளி அது. அந்த ஒளியின் முன் முகமூடி அணிந்து குந்தியிருப்பவர்களுள் நம்மவர் பலர். சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பிழைப்பை நாடிச் சென்றவர்கள். அவர்களுக்கு முன்னரே கன்னட நாட்டில் குடியேறிய குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களுள் ஒருவரேனும் நமக்கு உறவினராகவோ ஊராராகவோ இருப்பர்.

வெல்டிங் என்று எல்லாரும் வழங்கும் இப்பற்றவைப்புத் தொழிலில் மூவகையினர் உண்டு. வரைபடம் வரைந்து, இன்ன இடத்தில் இன்ன அளவில் பற்றவைக்க வேண்டும் என்று விதிப்பவர் பொறியாளர். அதைக் கையால் செய்து முடிப்பவர் வெல்டர். இவ்விருவருக்கும் இடையே நின்று, விதித்தது ஒன்றும் செய்தது வேறொன்றும் ஆகிவிடாதபடி காப்பவர் மேற்பார்வையாளர். பழைய வழக்கில் சொன்னால் மேஸ்திரி. பொறியாளருக்குக் கல்லூரி கண்டோம். வெல்டருக்குத் தொழிற்பயிற்சி நிலையம் கண்டோம். மேஸ்திரிக்குப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் உலகத்துக்கு வெகுகாலம் கழித்தே தோன்றியது. அந்தக் காலதாமதத்தின் வரலாற்றையும், அதன் விளைவு இன்று பீன்யாவில் பணிபுரியும் நம்மவரை எவ்வாறு தொடுகிறது என்பதையும் இப்பேச்சில் நாம் ஆராய்வோம்.

முதலில், பற்றவைப்புக்கு மட்டும் இத்தனைக் கண்காணிப்பு ஏன் என்று கேட்கலாம். தச்சர் இழைத்த மூட்டு சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து, கையால் அசைத்து அறிந்துகொள்ளலாம். கடைசல் யந்திரத்தில் கடைந்த உருளையை அளவுகோல் வைத்து அளக்கலாம். பற்றவைத்த மூட்டோ தன் உள்ளத்தை வெளியே காட்டாதது. மேலே அலையலையாக அழகிய வரி படிந்திருக்கும். உள்ளே கசடு சிக்கியிருக்கும். காற்று புகுந்து நுண்துளைகள் விழுந்திருக்கும். அடிஉலோகம் உருகாமல் மேல் உலோகம் ஒட்டாமலே நிற்கும். எக்ஸ்ரே, மீயொலி முதலிய சோதனைகள் உண்டு என்பது உண்மையே. எனினும் ஒவ்வோர் அங்குலத்தையும் அவ்வாறு சோதிப்பது செலவு மிக்கது. சோதித்துக் கண்ட குறையை வெட்டியெடுத்து மறுபடி பற்றவைப்பது அதனினும் செலவு மிக்கது. இதனாலன்றோ 1987-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9001 தரநெறி, முடிந்த பின் சோதித்து முழுவதும் அறிய இயலாத வேலைகளைத் தனிவகையாகப் பிரித்து வைத்தது! பற்றவைப்பு அவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு. அத்தகைய வேலையில் தரம் என்பது இறுதியில் ஒட்டும் முத்திரை அன்று. வேலை நடக்கும் பொழுதே அருகில் ஒருவர் நின்று உண்டாக்க வேண்டியது.

இத்தொழிலின் வயது மிகுதியன்று. 1880களில் ருஷ்யப் பேரரசில் பெனார்தோஸ் என்பவர் கரிக்கோலிலிருந்து மின்வில்லை எழுப்பி உலோகத்தை உருக்கி இணைத்துக் காட்டினார். அந்நாட்டவரான ஸ்லாவியானோவ் 1888-இல் கரிக்கோலுக்குப் பதில் உலோகக் கோலையே பயன்படுத்தினார்; கோலும் உருகி மூட்டை நிரப்பியது. ஸ்வீடன் நாட்டு ஷெல்பெரி என்னும் பொறியாளர் அக்கோலின்மேல் ஒரு பூச்சைப் பூசும் முறையைக் கண்டார். 1904-இல் அதற்கென ஒரு கம்பெனியையும் நிறுவினார். பூச்சு எரிந்து உண்டாகும் வாயுவும் கசடும் உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காத்தன. இன்று நம் தொழிலாளர் வெல்டிங் ராடு என்று கையில் எடுப்பது அந்தப் பூச்சுக் கோலின் வழிவந்ததே. 1920-இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்தில் ஃபுல்லகர் என்னும் கப்பல் ஆணி அறையாமல், முழுதும் பற்றவைத்தே கட்டப்பெற்றது. ஆணியடித்து இணைக்கும் பழைய முறை மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

புதிய முறை தந்த வேகத்தில் மக்கள் மயங்கினர். அதன் ஆபத்தை விபத்துகளே போதித்தன. பெல்ஜிய நாட்டில் ஹாசல்ட் என்னும் ஊரில் ஆல்பர்ட் கால்வாயின்மேல் பற்றவைத்துக் கட்டிய பாலம் 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் விரிசல் கண்டு வீழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,710 லிபர்ட்டிக் கப்பல்களை அதிவேகமாகக் கட்டியது. அதே காலத்தில் கட்டிய ஷெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரி 16ஆம் நாள் இரவில், போர்ட்லண்டு நகரத் துறையில் அமைதியான நீரில் நின்றுகொண்டிருக்கையிலேயே நடுவில் பிளந்தது. புயல் இல்லை, பகைவர் குண்டு இல்லை. பழியை வெல்டர் தலையிலேயே சுமத்திவிடுதல் எளிதாயிருந்தது. ஆராய்ந்தவர்களோ பல காரணங்கள் ஒன்றுகூடியதைக் கண்டனர். குளிரில் எளிதில் நொறுங்கும் எஃகு ஒன்று. கூர்மூலைகளில் விசையைக் குவித்த வடிவமைப்பு மற்றொன்று. அவசரத்தில் செய்த பற்றவைப்பின் குறைகள் பிறிதொன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார் எஃகின் நொறுங்கும் இயல்பை ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். எஃகு, வடிவம், கைவேலை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் தொழிற்கூடத்தின் தரை. அந்தத் தரையில் நின்று மூன்றையும் ஒருங்கே நோக்கக்கூடியவர் மேற்பார்வையாளரே என்னும் பாடம் இவ்விபத்துகளில் அடங்கியிருந்தது.

மேற்பார்வையாளரைப் பயிற்றும் முறைக்கு வித்திட்டதும் கப்பல்தளமே. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல்தளங்களுக்குப் பல்லாயிரம் புதிய தொழிலாளர் தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவர் சார்லஸ் ஆலன் என்பவர். நன்றாக வேலை தெரிந்தவருக்கு நன்றாகக் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். கற்பவரைத் தயார்செய்தல், செய்து காட்டுதல், செய்யவைத்தல், தேர்ந்து பார்த்தல் என நான்கு படிகளாகக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1919-இல் நூலாகவும் வெளியிட்டார். 1940-இல் அமெரிக்க அரசாங்கம் தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த நான்கு படிகளையே அடிப்படையாகக் கொண்டது. வேலையைக் கற்பித்தல், வேலையாட்களோடு இணங்கி நடத்தல், வேலை முறையைச் சீர்செய்தல் என்பன அதன் மூன்று பாடங்கள். 1945-இல் திட்டம் முடிவதற்குள் 17 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் சான்றிதழ் பெற்றனர். போருக்குப் பின் இம்முறை ஜப்பானில் வேரூன்றி அந்நாட்டுத் தொழிற்சாலைகளின் பழக்கமாகவே ஆயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேஸ்திரி என்னும் சொல் தமிழ் அன்று; கடல் வழி வந்த போர்த்துக்கீசியரின் மெஸ்த்ரே என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ஜெர்மானியர் தேர்ந்த தொழில் தலைவரை மைஸ்டர் என்பர். இவ்விரு சொற்களும் ஆசான், தலைவர் எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஒரே வேரின் இரு கிளைகள் இருவேறு விதமாக வளர்ந்தன. ஜெர்மனியில் மைஸ்டர் ஆவதற்குத் தேர்வு உண்டு. செய்முறை, தொழில் அறிவு, கணக்கும் சட்டமும், கற்பிக்கும் கலை என அதற்கு நான்கு பகுதிகள். 1908 முதல் கைத்தொழில்களில் மைஸ்டர் தேர்ச்சி பெற்றவரே பயிலுநரை வைத்துப் பழக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. நம் நாட்டிலோ மேஸ்திரி என்பவர் ஆள் சேர்ப்பவராகவும், கூலி பிரிப்பவராகவும், அதட்டி வேலை வாங்குபவராகவும் குறுகிப் போனார். மில்களிலும் தோட்டங்களிலும் அப்பெயருக்கு இருந்த மதிப்பும் அச்சமும் நம் முன்னோர் அறிந்தவை. ஆசான் என்னும் வேர்ப்பொருள் மட்டும் மறைந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் நாட்டில் பற்றவைப்புத் தொழில் பெருகியது. 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகள், கொதிகலனைப் பற்றவைக்கும் ஒவ்வொரு வெல்டரும் சோதனையில் தேறிச் சான்று பெறவேண்டும் என்று வற்புறுத்தின. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ரயில் பெட்டிகளையும் கட்டியது; அப்பிரிவிலிருந்து 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தோன்றியது. சென்னைப் பெரம்பூரில் 1955-இல் ஸ்விட்சர்லாந்தின் துணையோடு தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, முழுதும் எஃகால் பற்றவைத்த பெட்டிகளைச் செய்யத் தலைப்பட்டது. செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்புடன் திருச்சிராப்பள்ளியில் எழுந்த உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1965-இல் உற்பத்தியில் இறங்கியது. 1966-இல் வெல்டர்களைப் பயிற்றிச் சோதிப்பதற்கான இந்தியத் தரநெறி 817 வெளிவந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் பற்றவைப்புக் கழகம் நிறுவப்பெற்றது. 1975-இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு திருச்சிராப்பள்ளியில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தமிழ்நாட்டு இளைஞர் பலர் இத்தொழிலில் சிறந்து விளங்கியதற்கு இப்பெருந்தொழிற்சாலைகள் உண்டாக்கிய சூழ்நிலையும் ஒரு காரணம்.

இந்தப் பட்டியலை மறுமுறை நோக்கினால் ஒன்று விளங்கும். வெல்டருக்குச் சோதனை வந்தது. பொறியாளருக்கு ஆராய்ச்சி நிலையம் வந்தது. நடுவில் நிற்பவரைப் பற்றிய கவலை வேறு வழியாக வந்தது. அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1952-இல் உற்பத்தித் திறன் தூதுக்குழு ஒன்றை இந்தியாவுக்கு அனுப்பியது. 1958-இல் தேசிய உற்பத்தித் திறன் குழு தோன்றியது. யந்திரத்தை மாற்றாமலே, வேலையை ஒழுங்குபடுத்தும் முறையை மாற்றினால் விளைவு பெருகும் என்னும் கருத்து இவற்றால் பரவியது. ஒழுங்குபடுத்துபவர் யார் என்ற கேள்வி அதன் பின்னரே எழுந்தது.

அக்கேள்விக்கு விடை தேடிய இடங்களுள் பெங்களூர் முக்கியமானது. அந்நகரில் 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி. எனும் யந்திரக் கருவித் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெருந்தொழிற்சாலைகள் அணிவகுத்தன. அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரச் சிறுதொழில்கள் முளைத்தன. நம் இராஜாஜியின் பெயர் தாங்கிய இராஜாஜிநகரில் ஒரு தொழிற்பேட்டை அமைந்தது. 1962-இல் மத்திய யந்திரக் கருவி நிலையம் தும்கூர்ச் சாலையில் இடம்பெற்றது. 1970களில் அதே சாலையில் மேலும் சற்று வடமேற்கே பீன்யா வளர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய சிறுதொழிற்பேட்டைகளுள் ஒன்று என்று அதனைப் பெருமையோடு குறிப்பிடுவர். கடைசல், வார்ப்பு, தகடு வளைத்தல், முலாம் பூசுதல், ஆயத்த ஆடை எனப் பல தொழில்கள் அங்கே நடைபெறுகின்றன. அவற்றுள் தகட்டு வேலையும் கட்டுமான இரும்பு வேலையும் செய்யும் கூடங்களுக்கு உயிர்நாடி பற்றவைப்பே.

இந்தத் தும்கூர்ச் சாலையிலேதான் 1971-இல் இந்திய அரசாங்கம் மேற்கு ஜெர்மனியின் கூட்டுறவோடு போர்மன் பயிற்சி நிலையத்தை அமைத்தது. தொழிற்சாலைகளில் ஏற்கெனவே மேற்பார்வை செய்பவர்களுக்கும், அப்பதவிக்கு உயரத்தக்கவர்களுக்கும் தொழில் அறிவும் ஆளும் திறனும் கற்பிப்பதே அதன் நோக்கம். மைஸ்டர் என்னும் ஜெர்மானியக் கருத்து இவ்வாறு நம் மேஸ்திரியின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. பிரிந்துபோன இரு கிளைகளும் பெங்களூரின் ஒரு சாலையில் மீண்டும் சந்தித்தன என்று சொன்னால் மிகையாகாது. பின்னர் ஜாம்ஷெட்பூரிலும் இத்தகைய நிலையம் ஒன்று எழுந்தது. பெங்களூர் நிலையம் இப்போது தேசியத் திறன் பயிற்சி நிலையங்களுள் ஒன்றாகப் பெயர் மாறி இயங்குகிறது.

அத்தகைய பயிற்சியால் விளையும் இலாபம் யாது என்பதை ஓர் எளிய கணக்கால் காண்போம். இரு தகடுகள் மூலையாகச் சேரும் இடத்தில் பற்றவைக்கும்போது, வரைபடம் 6 மில்லிமீட்டர் கால் அளவைக் கேட்கிறது என்று கொள்வோம். உறுதியாக இருக்கட்டும் என்று எண்ணி வெல்டர் 8 மில்லிமீட்டர் இடுகிறார். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த முக்கோணத்தின் பரப்பு 18 சதுர மில்லிமீட்டரிலிருந்து 32 ஆகிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 140 கிராம் உலோகம் போதுமான இடத்தில் 250 கிராம் செலவாகிறது. அதாவது உலோகம் முக்கால் பங்குக்குமேல் கூடிவிட, வலிமையோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அந்த வலிமையையும் எவரும் கேட்கவில்லை. கூடுதல் ராடு, கூடுதல் மின்சாரம், கூடுதல் நேரம் மட்டுமன்று. கூடுதல் வெப்பத்தால் தகடு கோணிக்கொள்ளும். கோணியதை நிமிர்த்த ஒரு நாள் போகும். உழைக்காதவர் எவரும் இல்லை. எனினும் உழைப்பு வீணாயிற்று. அந்த வெல்டரின் கையில் ஓர் அளவியைக் கொடுத்து, காரணத்தையும் எடுத்துச் சொல்லக்கூடிய மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தால் இந்த நட்டம் அன்றே நின்றுவிடும்.

மற்றோர் எடுத்துக்காட்டு ராடு பற்றியது. கனமான எஃகுக்குப் பயன்படும் குறை-ஹைடிரஜன் ராடுகளைப் பொட்டலம் பிரித்து வெளியே வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றை 300 முதல் 350 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரமேனும் உலர்த்தி, சூடு குறையாமல் வைத்திருந்தே எடுத்து வழங்க வேண்டும். ஈரமான ராடிலிருந்து ஹைடிரஜன் புகுந்தால் மூட்டில் விரிசல் உண்டாகும். அவ்விரிசல் உடனே தோன்றாமல் மறுநாளோ அதற்கு மறுநாளோ தோன்றவும் கூடும். வெல்டர் வீடு சென்றிருப்பார்; சரக்கும் வண்டியேறியிருக்கும். பெங்களூரின் மழைக்காலத்தில் ஒரு சிறிய கூடத்தில் இந்த உலர்ப்பு அடுப்பை மறவாமல் மூட்டுபவர் யார்? கூலிக்கணக்கு மட்டும் பார்க்கும் மேஸ்திரி மறந்துவிடுவார். காரணம் அறிந்த மேற்பார்வையாளர் மறக்கமாட்டார்.

அமெரிக்கப் பற்றவைப்பு வல்லுநர் பார்க்காஃப் என்பவர் மேற்பார்வையாளரின் கடமையை ஐந்து குறைப்புகளாக வகுத்தார். மூட்டில் இடும் உலோகத்தின் அளவைக் குறைத்தல், ஒரு பொருளுக்கு மின்வில் எரியும் நேரத்தைக் குறைத்தல், தள்ளுபடியையும் மறுவேலையையும் குறைத்தல், தொழிலாளியின் உடலுழைப்பைக் குறைத்தல், வீண் நடையையும் காத்திருப்பையும் குறைத்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் ஆட்களை வெருட்டுவதால் நிறைவேறுமா? பகல் முழுதும் ஒரு வெல்டரின் கையில் மின்வில் எரியும் நேரம் ஒரு சிறு பங்கே. எஞ்சிய நேரம் தகடு வரக் காத்தல், பொருத்துதல், கசடு தட்டுதல், தேய்த்தல் ஆகியவற்றில் கழிகிறது. வேகமாகச் செய் என்று அதட்டுவதைவிடத் தகட்டை நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பது நல்ல மேற்பார்வை.

அறிவு இருந்தால் போதாதா, சான்றிதழ் எதற்கு என்று சிலர் வினவுவர். வாங்குபவர் தொலைவில் இருக்கும்போதுதான் சான்றிதழ் பிறக்கிறது. அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கம் 1919-இல் தோன்றியது. ஆய்வாளர்க்குச் சான்று வழங்கத் தொடங்கியது 1976-இல். மேற்பார்வையாளர்க்கெனத் தனிச் சான்று ஏற்படுத்தியது அதன் பின்னரே. ஐரோப்பாவில் 1994-இல் பற்றவைப்புப் பணியை ஒருங்கிணைப்பவரின் கடமைகளை வகுத்து 719 என்னும் எண்ணில் ஒரு தரநெறி வந்தது. அதுவே பின்னர் ஐ.எஸ்.ஓ. 14731 ஆகி, 2006-லும் 2019-லும் திருத்தம் பெற்றது. ஒருங்கிணைப்பவரின் தொழில் அறிவை முழுமையானது, குறிப்பிட்டது, அடிப்படையானது என அது மூன்று நிலைகளாகப் பகுக்கிறது. 1948-இல் நிறுவப்பெற்ற அனைத்துலகப் பற்றவைப்புக் கழகத்தின் பட்டயங்கள் அந்நிலைகளுக்கு ஏற்ப அமைந்தவை. தொழிற்கூடத்து மேற்பார்வையாளருக்கு உரிய நிலையும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் அப்பட்டயங்களை வழங்கும் அதிகாரம் இந்தியப் பற்றவைப்புக் கழகத்திடம் உள்ளது. ரயில் பெட்டிக்கோ அழுத்தக் கலத்துக்கோ உறுப்புச் செய்து அயல்நாட்டுக்கு அனுப்ப விரும்பும் தொழிற்கூடத்தை நோக்கி, உங்கள் பற்றவைப்புக்குப் பொறுப்பானவர் யார், அவர் தகுதி என்ன என்னும் வினா வந்தே தீரும். பீன்யாவின் சிறுமுதலாளிக்கும் அவ்வினாவிலிருந்து விலக்கு இல்லை.

இங்கேதான் நம்மவரின் இடர் தொடங்குகிறது. ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து உதவியாளாகச் சென்றார். கசடு தட்டினார்; ராடு எடுத்துக் கொடுத்தார்; மெல்லக் கைபழகி வெல்டர் ஆனார். இரும்பு பிடித்தவன் கை சும்மா இராது என்பார்கள். சி.ஓ.டூ. வெல்டிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டார். இன்று பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறார். ஓசையைக் கேட்டே மின்னோட்டம் மிகுதியா குறைவா என்று சொல்வார். ஆனால் அவரிடம் தாள் இல்லை. நேற்றுப் பட்டயப் படிப்பு முடித்த இளைஞரிடம் தாள் இருக்கிறது, கை இல்லை. ஒருநாள் வாங்குபவரின் பிரதிநிதி வந்து சான்றிதழைக் கேட்டால் முன்னவர் பின்வரிசைக்குத் தள்ளப்படுவார். வேறு ஊருக்குச் சென்றால் அவருடைய இருபது ஆண்டு உழைப்பும் அவர் வாய்ச்சொல்லாக மட்டுமே நிற்கும். பிறந்த ஊரில் ஒருவரை அறிந்தவர் பலர்; பிழைக்கச் சென்ற ஊரில் அவரை அறிமுகப்படுத்துவது தாளே. ஆதலின் சான்றிதழின் அருமையைப் புலம்பெயர்ந்து வாழ்வோர் மற்றவரினும் நன்கு அறிவர்.

நியாயம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. தாள் இல்லாத அனுபவசாலியைத் தள்ளுவது அநீதி என்றால், அனுபவம் ஒன்றே போதும் என்பதும் தவறு. ராடை ஏன் உலர்த்த வேண்டும், தடித்த எஃகை ஏன் முன்னதாகச் சூடேற்ற வேண்டும் என்பவை பார்த்துப் பழகுவதால் மட்டும் விளங்குவதில்லை. தவறாகச் செய்தும் உடையாத மூட்டு ஆயிரம் உண்டு. அவை தந்த துணிவே உடையப்போகும் மூட்டுக்குக் காரணமாகிவிடும். ஆகவே அனுபவசாலியைத் தேர்வுக்கு உட்படுத்துவது அவரை அவமதிப்பது ஆகாது. அவர் அறிந்ததை அவருக்குத் தெரிந்த மொழியில் கேளாமல், அறியாத மொழியில் வினாத்தாள் நீட்டுவதே அவமதிப்பு. இளையோர் முன் தோற்றுவிடுவோமோ என்னும் கூச்சம் மூத்த தொழிலாளருக்கு இயல்பு. ஒரு வாரம் மேஸ்திரி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடுமே என்னும் அச்சம் சிறுமுதலாளிக்கு இயல்பு. பயிற்சி அளிப்போர் இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, மாலை நேரங்களிலும் தொழிற்கூடத்துக்கு உள்ளேயும் பாடம் நடத்துவதே பயன் தரும். ஆலனின் நான்கு படிகளுக்கு மண்டபம் தேவையில்லை. ஒரு மேசையும் இரு தகடுகளும் போதும்.

வழிகள் அறவே இல்லாமலும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலாத அனுபவசாலிகள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத இடமுண்டு. அதன் சான்று எந்த மாநிலத்திலும் செல்லும். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் திறன் வளர்ச்சித் திட்டத்தில், முன்பே கற்ற திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் பிரிவும் சேர்க்கப்பெற்றது. இவை வெல்டர் நிலைக்குரியவை. அவற்றைப் படியாகக் கொண்டு மேற்பார்வை நிலைக்கு ஏறலாம். வேலைக்குச் சேர்ந்த நாள், செய்த வேலையின் வகை, தேறிய சோதனை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, முதலாளியின் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்வது சிறிய காரியம். ஆனால் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதன் மதிப்புப் பெரிதாகும். வெல்டிங் குறியீடுகளை வரைபடத்தில் படிக்கக் கற்பதும் ஒரு மாதத்து மாலைப்பொழுதுகளில் முடியும் வேலையே. அயல் மாநிலங்களில் பொங்கல் விழாவும் இசைவிழாவும் சிறக்க நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள், தம் கூடத்தில் வாரம் இருநாள் ஒரு கரும்பலகையை மாட்டி, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து இப்பாடத்தைத் தமிழில் சொல்லச் செய்தால் அதுவும் மொழித்தொண்டே ஆகும்.

மேஸ்திரி என்னும் சொல்லின் வேர் ஆசான் என்று முன்னர்க் கண்டோம். பீன்யாவின் கூடங்களில் இன்றும் புதிய பையன்கள் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுள் தமிழரும் உண்டு, பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வருவோரும் உண்டு. முதல்நாள் முகமூடியை முகத்தில் பிடித்து நிற்கும் அந்தப் பையனுக்கு இருளில் எதுவும் தெரியாது. அருகில் நிற்பவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, ராடை இந்தச் சாய்வில் பிடி, இந்த இடைவெளியைக் காத்துக்கொள் என்று சொல்லித் தருகிறார். அவர் சொல்வது சரியானதாக இருந்தால் அது நாற்பது ஆண்டு நிற்கும். பிழையாக இருந்தால் அந்தப் பிழையும் நாற்பது ஆண்டு நிற்கும். அவருக்குப் பாடம் சொல்வதும், அவர் அறிந்ததற்குச் சான்று அளிப்பதும் இனியும் ஒத்திப்போடத்தக்க வேலை அன்று.